அழுத்தியதும் புரிந்துகொள்ளப்பட்டதும்: கணினிக் கணிப்பான் செயலி குறித்து

கணினியுடன் சேர்ந்தே வரும் சிறு செயலிகளுள் கணிப்பானைப் போல அன்றாடம் திறக்கப்படுவதும், திறந்த வேலை முடிந்தவுடன் மறக்கப்படுவதும் வேறில்லை. அலுவலகங்களில் கால்குலேட்டர் என்றே வழங்கும் இச்செயலி, 1984இல் வெளிவந்த ஆப்பிளின் முதல் மெக்கின்டாஷ் கணினியிலும், 1985 நவம்பரில் வெளிவந்த மைக்ரோசாஃப்டின் முதல் விண்டோஸ் பதிப்பிலும் இடம்பெற்றிருந்தது. இன்றும் ஏதேனும் ஒரு வடிவில் தொடர்கிறது. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் என்ற நான்கு செயல்களைச் செய்யும் கருவியில் குறை காண என்ன இருக்கிறது என்று தோன்றுவது இயல்பு. ஆயினும் பயன்படுத்துவோர் சொல்லும் குறைகள் நெடுங்காலமாக அப்படியே இருக்கின்றன: ஒரே கணக்கை இரு இடங்களில் போட்டால் இரு விடைகள் வருகின்றன, விழுக்காட்டுப் பொத்தான் எதிர்பாராத எண்ணைக் காட்டுகிறது, நீண்ட கூட்டலின் நடுவே எந்த எண்ணைத் தட்டினோம் என்று திரும்பிப் பார்க்க வழியில்லை, சாளரத்தை மூடினால் செய்ததெல்லாம் போய்விடுகிறது.

இக்குறைகளைத் தொகுத்து ஆராய்ந்தால் அவற்றுள் மிகச் சிலவே கணக்குப் பிழைகள் என்பது புலப்படும். பெரும்பாலானவை, பயனர் அழுத்தியதைக் கருவி எவ்வாறு புரிந்துகொண்டது என்பதை அது வெளிக்காட்டாததால் எழுபவை. கணிப்பின் துல்லியத்துக்காகப் பொறியாளர்கள் அரும்பாடு பட்டிருக்க, அத்துல்லியத்துக்குச் செல்லும் வாயிலாகிய பொத்தான் அமைப்பு மட்டும் 1970களின் கையடக்கக் கருவியிலேயே நின்றுவிட்டது. பயனர்கள் தாமாகக் கண்டுபிடித்துக்கொண்ட மாற்றுவழிகளும் இந்த ஒரு குறையையே பல பக்கங்களிலிருந்து சுட்டுகின்றன.

விண்டோஸ் கணிப்பானின் இயல்பான முறையில் 2 + 3 × 4 = என்று அழுத்தினால் 20 என்ற விடை வரும். அதே சாளரத்தில் அறிவியல் முறைக்கு மாறி அதே பொத்தான்களை அதே வரிசையில் அழுத்தினால் 14 வரும். முன்னது உடனடிக் கணிப்பு எனப்படும் முறை: அடுத்த செயற்குறி அழுத்தப்பட்டதுமே அதுவரை உள்ளதைக் கணித்து முடித்துவிடுவது, எனவே 2உம் 3உம் சேர்ந்து 5 ஆகி, அந்த 5 நான்கால் பெருக்கப்படுகிறது. பின்னது பள்ளியில் கற்பிக்கப்படும் செயல்வரிசையைப் பின்பற்றுவது. பெருக்கலை முதலில் முடித்துக் கூட்டலைப் பின்னர் செய்கிறது. இரண்டுமே தத்தம் அளவில் முறையானவை. ஆனால் முறையை மாற்றும்போது கணக்கின் விதியும் மாறுகிறது என்ற எச்சரிக்கை திரையில் எங்கும் இல்லை. சைன், கோசைன் பொத்தான்கள் வேண்டும் என்பதற்காக மட்டுமே அறிவியல் முறைக்குச் செல்லும் ஒருவர், கூட்டல் பெருக்கலின் இலக்கணமும் கூடவே மாறியிருப்பதை அறிய மாட்டார்.

இந்த இரட்டை நிலைக்கு ஒரு வரலாறு உண்டு. தொடக்கக் காலச் சிறு கணிப்பான்களில் நினைவகம் மிகக் குறைவு. நிலுவையில் உள்ள செயல்களைச் சேமித்து வைக்க இடமில்லாததால் ஒவ்வொன்றையும் உடனுக்குடன் முடிப்பதே அவற்றால் இயன்றது. ஹியூலட் பேக்கார்டு நிறுவனம் 1972இல் வெளியிட்ட எச்பி-35 வேறொரு வழியைத் தேர்ந்தது. போலந்து தருக்கவியலாளர் யான் லூகாசியேவிச் வகுத்த குறியீட்டு முறையைத் தலைகீழாக்கி, எண்களை முதலில் உள்ளிட்டுச் செயற்குறியை இறுதியில் அழுத்தும் முறை அது. அதில் அடைப்புக்குறிக்கே தேவையில்லை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 1976இல் வெளியிட்ட டிஐ-30, காகிதத்தில் எழுதும் வரிசையிலேயே உள்ளிட்டுச் செயல்வரிசைப்படி விடை காணும் முறையை மாணவர்களின் கைகளுக்குக் கொண்டுசென்றது. கடைகளிலும் கணக்கர் மேசைகளிலும் உடனடிக் கணிப்பே நிலைத்தது. கணினித் திரைக்குக் கணிப்பான் வந்தபோது இவற்றுள் ஒன்றைத் தேர்வதற்குப் பதிலாக வெவ்வேறு முறைகளாக எல்லாவற்றையும் உள்ளே வைத்துக்கொண்டது. மேக் கணிப்பானில் எச்பி-35இன் தலைகீழ்க் குறியீட்டு முறையும்கூட ஒரு தெரிவாக உண்டு.

திரையில் கருவியின் தோற்றத்துக்குக் கிடைத்த கவனம் அதன் நடத்தைக்குக் கிடைக்கவில்லை என்பதற்கு முதல் மெக்கின்டாஷின் கதையே சான்று. ஆப்பிளின் தொடக்கக் கால ஊழியரான கிறிஸ் எஸ்பினோசா வரைந்து காட்டிய ஒவ்வொரு மாதிரியிலும் ஸ்டீவ் ஜாப்ஸ் ஏதேனும் ஒரு குறை கண்டார். கோடுகளின் தடிப்பு, பொத்தான்களின் அளவு, பின்னணியின் சாயல் ஆகிய அனைத்தையும் பட்டியல்களிலிருந்து தாமே மாற்றிக்கொள்ளும் ஒரு நிரலை எஸ்பினோசா எழுதி ஜாப்ஸிடம் கொடுத்தார்; ஏறத்தாழப் பத்து நிமிடங்களில் ஜாப்ஸ் அமைத்துக்கொண்ட தோற்றம் மேக் ஓஎஸ் 9 வரை பல ஆண்டுகள் நீடித்தது. அந்தப் பட்டியல்களில் இருந்தவை அனைத்தும் கண்ணுக்கானவை. இரு செயற்குறிகளை அடுத்தடுத்து அழுத்தினால் என்ன ஆக வேண்டும் என்பது போன்ற கேள்விக்கு அவற்றில் இடமில்லை.

அந்தக் கேள்வியை விரிவாக எழுப்பியவர் பிரிட்டிஷ் கணினி அறிவியலாளர் ஹெரால்டு திம்பிள்பி. கணிப்பான்கள் இவ்வளவு மோசமாக இருக்க எந்தத் தேவையும் இல்லை என்ற வாதத்தை 2000இல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரையில் அவர் முன்வைத்தார். எளிய ஒரு கணக்கே இதை விளக்கப் போதும். 4 × −5 என்பதன் விடை −20. இயல்பான கணிப்பானில் 4, பெருக்கல், கழித்தல், 5, சமக்குறி என்று எழுதியபடியே அழுத்தினால் வருவது −1. பெருக்கல் குறிக்குப் பின் கழித்தல் குறி அழுத்தப்பட்டதும், பயனர் மனம் மாறிவிட்டார் என்று கருவி கருதி, பெருக்கலை நீக்கிக் கழித்தலை வைத்துக்கொள்கிறது. 4 − 5 என்ற கணக்காகவே அதை முடிக்கிறது. பயனர் எதிர்க்குறியைக் குறித்தார் என்ற வாய்ப்பை அது கருதுவதே இல்லை. விண்டோஸ் கணிப்பானில் இதற்கான மாற்றுவழி, 5ஐ உள்ளிட்ட பிறகு குறியை மாற்றும் தனிப் பொத்தானையோ விசைப்பலகையின் எஃப்9 விசையையோ அழுத்துவது. இதை அறிந்தவர் தப்பிவிடுவார். அறியாதவருக்குப் பிழை நேர்ந்ததற்கான அடையாளம் எதுவும் திரையில் தோன்றாது.

தசமப் புள்ளி தவறுதலாக இரண்டு முறை அழுத்தப்படும்போதும் இதுவே நிகழ்கிறது. 1.2.5 என்று உள்ளிட்டால் இரண்டாவது புள்ளி சத்தமின்றிக் கைவிடப்பட்டு 1.25 என்று பதிவாகும். பயனர் கருதியது 12.5ஆக இருந்திருக்கலாம், 1.25ஆகவும் இருந்திருக்கலாம், எது என்று கேட்க வேண்டிய இடத்தில் கருவி தானே முடிவெடுக்கிறது. மருத்துவமனைகளில் மருந்தைச் சொட்டுச் சொட்டாகச் செலுத்தும் கருவிகளிலும் எண்களை உள்ளிடும் அமைப்பு இதே மரபிலிருந்து வந்தது என்பதே திம்பிள்பியின் கவலைக்குக் காரணம். அங்கே தசமப் புள்ளி ஓரிடம் தவறினால் மருந்தின் அளவு பத்து மடங்கு மாறும். பால் கெய்ர்ன்ஸுடன் இணைந்து 2010இல் அவர் வெளியிட்ட ஆய்வு, முறைகேடான உள்ளீட்டைக் கருவி கண்டுகொண்டு நிறுத்தினாலே இத்தகைய பத்து மடங்குப் பிழைகளின் வாய்ப்பைப் பாதியாகக் குறைக்கலாம் என்று காட்டியது. புதிய கணிதமோ விலையுயர்ந்த வன்பொருளோ இதற்குத் தேவையில்லை.

குழப்பங்களுள் மிக ஆழமானது விழுக்காட்டுப் பொத்தானைச் சார்ந்தது. இந்தியச் சூழலில் அது பணத்தோடு நேரடியாகத் தொடர்புடையது என்பதால் சற்று விரிவாகப் பார்க்கத்தக்கது. 500 + 18% என்று விண்டோஸ் கணிப்பானின் இயல்பான முறையில் அழுத்தினால், 18 விழுக்காடு என்பதை 500இன் 18 விழுக்காடு, அதாவது 90, என்று அது எடுத்துக்கொண்டு 590 என்ற விடையைத் தருகிறது. கடைக்காரருக்கு வேண்டியது இதுவே. இதே கோவையை எக்செல் விரிதாளில் எழுதினால் 500.18 என்று வரும். அங்கே 18% என்பது 0.18 என்ற எண்ணின் மறுபெயர் மட்டுமே. எந்த எண்ணும் முன்னே இல்லாமல் 18ஐயும் விழுக்காட்டையும் மட்டும் அழுத்தினால் மேக் கணிப்பான் 0.18 காட்டும், விண்டோஸ் கணிப்பான் 0 காட்டும், ஏனெனில் எதன் விழுக்காடு என்று அது தேடும் இடத்தில் பூச்சியமே இருக்கிறது. விண்டோஸின் நிரலாளர் முறையிலோ அதே குறி வகுத்தலின் மீதியைக் குறிக்கும்; 500 % 18 என்பதற்கு அங்கே விடை 14. ஆக, ஒரே குறிக்கு ஒரே கணினிக்குள்ளேயே மூன்று பொருள்கள் உண்டு.

2017 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள சரக்கு மற்றும் சேவை வரி, அதாவது ஜிஎஸ்டி, இந்தக் குறியை இந்தியக் கடைகளின் அன்றாடப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனையில் 18 விழுக்காட்டு வரி, மத்திய அரசுக்கு 9, மாநில அரசுக்கு 9 என இரண்டாகப் பிரிந்து பட்டியலில் இடம்பெறுகிறது. பட்டியலில் உள்ளபடியே 500 + 9% + 9% = என்று தட்டுபவருக்குக் கணிப்பான் தரும் விடை 594.05. முதல் 9 விழுக்காடு 500க்குக் கணிக்கப்பட்டு 545 ஆகிறது. இரண்டாம் 9 விழுக்காடு அந்த 545க்குக் கணிக்கப்பட்டு 49.05 ஆகிறது. சட்டப்படி இரு வரிகளும் 500 என்ற ஒரே அடிப்படை மீது கணிக்கப்பட வேண்டியவை. சரியான தொகை 590. வேறுபாடு நான்கு ரூபாய் ஐந்து காசுதான் என்றாலும், கணக்கு முடிக்கும்போது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முடியாத வேறுபாடு அது.

வரியைச் சேர்ப்பதைவிட வரி சேர்ந்த விலையிலிருந்து வரியைப் பிரிப்பதில் தடுமாறுவோர் மேலும் அதிகம். 590 ரூபாய் வரி உட்பட விலை என்றால், வரிக்கு முந்தைய மதிப்பு 500. 590 − 18% என்று அழுத்தினால் வருவதோ 483.80, கருவி 590இன் 18 விழுக்காடாகிய 106.20ஐக் கழிக்கிறது. இதில் கருவியின் மீது குற்றமில்லை. கூட்டியதை அதே விழுக்காட்டால் கழித்தால் பழைய எண் திரும்பாது என்பது எண்களின் இயல்பு. 590ஐ 1.18ஆல் வகுப்பதே முறை. கேசியோ நிறுவனம் ஜிஎஸ்டி வீதங்களுக்கெனத் தனிப் பொத்தான்கள் கொண்ட மேசைக் கணிப்பான்களை இந்தியச் சந்தைக்காகக் கொண்டுவந்தது. வரியைச் சேர்க்க ஒரு வரிசைப் பொத்தான்கள், பிரிக்க மற்றொரு வரிசைப் பொத்தான்கள் அவற்றில் உண்டு. நாணய மாற்றுக்கும் வரைபடத்துக்கும் இடமளிக்கும் கணினிச் செயலிகளில் இந்த எளிய வசதி இல்லாதது குறையே.

இனிக் கணிப்பின் துல்லியத்தைப் பார்க்கலாம். பெரும்பாலான நிரல்கள் எண்களை மிதவைப் புள்ளி முறையில் கையாள்கின்றன. ஓர் எண்ணின் முதன்மை இலக்கங்களையும் புள்ளி எங்கே நிற்கிறது என்பதையும் தனித்தனியே சேமிக்கும் முறை இது. கணினி அறிவியலாளர் வில்லியம் கேகனின் முன்னோடிப் பணியால் 1985இல் ஐஇஇஇ 754 என்ற தரமாக வகுக்கப்பட்டது. 64 பிட் அளவில் இது ஏறத்தாழ 15 முதல் 17 தசம இலக்கங்கள் வரை நம்பத்தக்கது. ஆனால் கணினி இரண்டை அடிமானமாகக் கொண்டு எண்ணுவதால், பத்தில் ஒன்று என்ற எளிய பின்னம் அங்கே முடிவின்றி நீள்கிறது. மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுத முயன்றால் 0.333 என்று முடியாமல் நீள்வதை ஒத்தது இது. இதனால் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் பல நிரல்மொழிகளில் 0.30000000000000004 வருகிறது. ஹியூலட் பேக்கார்டின் பல கையடக்கக் கருவிகள் பத்து இலக்கங்களைக் காட்டி, உள்ளே பதின்மூன்று இலக்கங்களை வைத்துக்கொண்டதன் நோக்கம் கடைசி இலக்கங்களில் சேரும் பிசிறுகளைப் பயனர் கண்ணில் படாமல் வைப்பதே.

விண்டோஸ் 3.1 பதிப்பின் கணிப்பானில் 3.11இலிருந்து 3.1ஐக் கழித்தால் திரை 0.00 என்று காட்டியது. பலரின் நம்பிக்கையைக் குலைத்த குறை இது. விண்டோஸ் 98 முதல் செயலியின் உட்புறமே மாற்றப்பட்டது. மிதவைப் புள்ளியைக் கைவிட்டு, எண்களைப் பின்னங்களாகவே வைத்து எவ்வளவு இலக்கங்கள் வேண்டுமோ அவ்வளவையும் கையாளும் நூலகம் அங்கே அமர்த்தப்பட்டது. மைக்ரோசாஃப்டின் மூத்த மென்பொருளாளர் ரேமண்ட் சென் 2004இல் எழுதிய குறிப்பில், 1ஐ 3ஆல் வகுத்து, ஆயிரம் கோடியால் பெருக்கி, அதிலிருந்து 3333333333ஐக் கழித்தால் மூன்றில் ஒன்று சற்றும் பிசகாமல் திரும்பி வருவதை எடுத்துக்காட்டுகிறார். இவ்வளவு உழைப்பையும் பயனர் எவரும் கவனிக்கவில்லை என்ற அவருடைய வருத்தம் நியாயமானது. வெளித்தோற்றம் மாறாதபோது உட்புற மாற்றம் கண்ணில் படாது.

அப்படியும் ஒரு கசிவு எஞ்சியது. 4இன் வர்க்கமூலத்தைக் கண்டு அதிலிருந்து 2ஐக் கழித்தால், பூச்சியம் வர வேண்டிய இடத்தில், தசமப் புள்ளிக்குப் பின் பல பூச்சியங்களைத் தாண்டித் தொடங்கும் ஒரு நுண்ணிய எதிர்ம எண் தோன்றியது. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகியவற்றில் முழுத் துல்லியம் இருந்தாலும், வர்க்கமூலம் தோராயமாகவே கணிக்கப்பட்டது. திரை அதை 2 என்று முழுமைப்படுத்திக் காட்ட, உள்ளே இருந்தது 2ஐவிட அணுவளவு குறைந்த எண். காட்டப்பட்டதும் வைத்திருந்ததும் வேறாக இருந்ததே இங்கும் கோளாறு. முழு வர்க்கங்களுக்கு இக்குறை 2018இல் நீக்கப்பட்டது. 2019 மார்ச்சில் செயலியின் மூல நிரலையே மைக்ரோசாஃப்ட் திறந்த உரிமத்தில் வெளியிட்டதால், இத்தகைய கசிவுகளை இன்று எவரும் வரி வரியாகத் தேடிப் பார்க்கலாம்.

இத்துறையில் மிகத் தொலைவு சென்றவர் ஆண்ட்ராய்டு கணிப்பானை வடிவமைத்த ஹான்ஸ் போம். பத்தின் நூறாம் அடுக்குடன் 1ஐக் கூட்டி, பிறகு பத்தின் நூறாம் அடுக்கைக் கழித்தால் விடை 1 என்பது பள்ளி மாணவருக்கும் தெரியும். மிதவைப் புள்ளியை நம்பும் கருவி 0 என்று சொல்லும். போம் கையாண்ட முறையில் ஒவ்வோர் எண்ணும், கேட்கும் அளவுக்கு இலக்கங்களைத் தரவல்ல ஒரு செய்முறையாகவே சேமிக்கப்படுகிறது. ஆனால் அம்முறையில் ஒரு விடை துல்லியமாகப் பூச்சியமா, அல்லது பூச்சியத்தை மிக நெருங்கிய எண்ணா என்று எல்லா நேர்வுகளிலும் தீர்மானிக்கும் வழி இருக்க முடியாது என்பது கணித உண்மை. எனவே எண்ணை ஒரு பின்னமாகவும், பை, வர்க்கமூலம் போன்ற அறிந்த மாறிலிகளுள் ஒன்றாகவும் பிரித்து வைத்து, இயன்ற இடங்களில் சமத்தன்மையைக் குறியீட்டு முறையில் அறிந்துகொள்ளும் வழியை அவர் சேர்த்தார். 2017இல் வெளியான அவருடைய கட்டுரை, சட்டைப்பையில் கிடக்கும் ஒரு சிறு செயலிக்குள் எவ்வளவு கடினமான கணிதம் இருக்கக்கூடும் என்பதற்கு நல்ல சான்று.

இத்தனை நுட்பமும் கைகூடிய பிறகும் கணக்கர் ஒருவரின் அடிப்படைத் தேவை, தான் போட்ட கணக்கைத் திரும்பப் பார்ப்பதே. பழைய கூட்டல் இயந்திரங்களில் ஒவ்வோர் எண்ணும் தாள் சுருளில் அச்சாகி வெளிவரும். முப்பது பற்றுச்சீட்டுகளைக் கூட்டியவர் அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, தொகையோடு சேர்த்து ஊசி குத்தி வைத்துவிடுவார். மேக் கணிப்பானில் நெடுங்காலம் இருந்த தாள் சுருள் சாளரம் இதன் நேரடி வாரிசு; அண்மைப் பதிப்பில் அதனிடத்தை வரலாற்றுப் பட்டை பிடித்துக்கொண்டது. விண்டோஸிலும் வரலாறு உண்டு. எனினும் கூட்டலின் நடுவே எட்டாவது எண்ணைத் தவறாகத் தட்டியவர் அந்த ஓர் எண்ணை மட்டும் திருத்திவிட்டுத் தொடர முடிவதில்லை. சாதாரண மேசைக் கணிப்பான்கள் பலவற்றில் இருக்கும் சரிபார்ப்புப் பொத்தான், உள்ளிட்ட படிகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் காட்டித் திருத்தவும் விடுகிறது. சில நூறு ரூபாய்க் கருவியில் இயன்றது கணினியில் இயலவில்லை.

அடைப்புக்குறி இல்லாத குறையையும் கடன் தவணைக் கணக்கில் தெளிவாகக் காணலாம். பத்து லட்சம் ரூபாய்க் கடன், ஆண்டு வட்டி 9 விழுக்காடு, இருபது ஆண்டுகள் என்றால், மாத வட்டி வீதம் 0.0075, 1.0075இன் 240ஆம் அடுக்கு ஏறத்தாழ 6.00915. மாத வட்டியாகிய 7,500ஐ இந்த எண்ணால் பெருக்கி, இதே எண்ணிலிருந்து 1 குறைத்ததால் வகுத்தால் தவணை கிடைக்கும். இயல்பான முறையில் வரிசையாகத் தட்டினால் வருவது 7,499, 6.00915ஆல் பெருக்கியது அதே எண்ணால் வகுபட்டுப்போக, இறுதியில் 1 மட்டும் கழிகிறது. வகுக்கும் எண்ணாகிய 5.00915ஐ முதலில் கண்டு நினைவகப் பொத்தானில் இட்டு, பின்னர் அதை அழைத்து வகுத்தால் சரியான தவணையாகிய சுமார் 8,997 ரூபாய் வரும். நினைவகப் பொத்தான்களைப் பழகியவர்களுக்கு இது கைவந்த கலை. பழகாதவர்கள் அறிவியல் முறையில் உள்ள அடைப்புக்குறிகளை நாடலாம். அங்கே செயல்வரிசை வேறு என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

பயனர்களின் பழக்கங்களைப் பொருட்படுத்தாமல் செயலிகளை மாற்றுவது இன்னொரு பெருங்குறை. சமக்குறியைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் கடைசிச் செயலே மீண்டும் நிகழும் என்பது பல தலைமுறைக் கணிப்பான்களில் இருந்த வழக்கு. ஒரு லட்சத்தை 1.07ஆல் பெருக்கிச் சமக்குறியை மூன்று முறை அழுத்தினால் 1,07,000, 1,14,490, 1,22,504.30 என்று மூன்று ஆண்டுகளின் கூட்டுவட்டித் தொகை ஒவ்வொன்றாக வந்து நிற்கும். 2024இல் ஆப்பிள் தன் கைபேசிக் கணிப்பானைப் புதுப்பித்தபோது இவ்வசதி காணாமல் போயிற்று; முறையீடுகளுக்குப் பின் 2025 ஜனவரியில் திரும்ப வந்தது. அதற்கு முன் 2017இல், பொத்தான்களுக்கான அசைவூட்டம் முடியும்வரை அடுத்த தொடுகை பதிவாகாத காரணத்தால், 1 + 2 + 3 என்று விரைவாகத் தட்டியவர்களுக்கு அதே கைபேசியில் 24 என்ற விடை வந்தது. இரண்டாவது கூட்டல் குறி விழுங்கப்பட்டு 1 + 23 ஆகிவிட்டது. அழகுக்காகச் சேர்க்கப்பட்ட அசைவு கணக்கைப் பிழையாக்கிய இந்நிகழ்வு, வடிவமைப்பாளர்கள் அனைவரும் நினைவில் வைக்கத்தக்கது. விண்டோஸ் 7இல் இருந்த புள்ளியியல் முறையும், வீட்டுக்கடன், எரிபொருள் செலவு ஆகியவற்றுக்கான படிவங்களும் பின்னர் வந்த செயலியில் இல்லை.

இந்தியப் பயனருக்கு உரிய மற்றொரு தொல்லை இலக்கப் பிரிப்பு. பன்னிரண்டு கோடியே முப்பத்து நான்கு லட்சத்து ஐம்பத்தாறாயிரத்து எழுநூற்று எண்பத்தொன்பதை இந்தியக் கணக்கேடு 12,34,56,789 என்று எழுதும். மண்டல அமைப்பு அமெரிக்காவுக்கு விடப்பட்ட கணினி 123,456,789 என்று காட்டும். கோடியில் புழங்கும் ஒருவர் இதைப் படிக்கும்போது இலக்கங்களை விரல்விட்டு எண்ண நேர்கிறது. ஒரு பூச்சியம் கூடுதலா குறைவா என்ற ஐயமும் இங்கேதான் பிறக்கிறது. விண்டோஸ் கணிப்பானின் மூல நிரலில், முதலில் மூன்று இலக்கம், பின்னர் இரண்டிரண்டு இலக்கம் என்ற இந்தியப் பிரிப்பு முன்னரே எழுதப்பட்டிருக்கிறது. கணினியின் மண்டல அமைப்பில் இலக்கப் பிரிப்பை இந்திய முறைக்கு மாற்றினாலே போதும். வாங்கிய நாளில் எவரும் சொல்லித் தராததால் இவ்வசதி பலருக்கும் தெரியாமலேயே கிடக்கிறது.

மாற்றுவழிகளுள் முதன்மையானது விரிதாள். ஒவ்வோர் எண்ணும் ஒவ்வொரு கட்டத்தில் நின்று, எதைத் திருத்தினாலும் மொத்தம் தானே மாறுவதால், தாள் சுருளின் பயனை அது முழுமையாகத் தருகிறது. ஆனால் எக்செல் பதினைந்து இலக்கங்களுக்கு மேல் வைத்துக்கொள்ளாது. பதினாறு இலக்க அட்டை எண்ணை எண்ணாகவே இட்டால் கடைசி இலக்கம் பூச்சியமாகிவிடும். கணினியின் தேடல் பெட்டியிலேயே கணக்கைத் தட்டுவது விரைவானது. ஆனால் அப்பெட்டி இணையத் தேடலோடு இணைந்திருந்தால், தட்டப்படும் சம்பளத் தொகையும் கடன் தொகையும் கணினிக்கு வெளியே செல்லும் என்பதைக் கருத வேண்டும். யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் 1970களிலிருந்து இருக்கும் பிசி (bc) என்ற கட்டளை எவ்வளவு பெரிய எண்ணையும் கையாளும். ஆனால் 1ஐ 3ஆல் வகுக்கச் சொன்னால், தசம இலக்கங்கள் எத்தனை வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லாதவரை 0 என்றே பதில் தரும். முழுக் கோவையையும் ஒரே வரியில் எழுதவும், எழுதியதைத் திருத்தி மீண்டும் கணிக்கவும் இடந்தரும் ஸ்பீட்கிரன்ச், குவால்குலேட் போன்ற கட்டணமற்ற திறந்த மூலச் செயலிகளே இவற்றுள் சிறந்தவை. உள்ளமைந்த செயலியைத் திருத்த முயல்வதைவிட இவற்றுள் ஒன்றை நிறுவிக்கொள்வது பெரும்பாலானோருக்கு எளிது.

கணினி, அச்சுப்பொறி, இணையம் எல்லாம் உள்ள தணிக்கையாளர் அலுவலகங்களிலும் பன்னிரண்டு இலக்க மேசைக் கணிப்பான் விசைப்பலகைக்குப் பக்கத்திலேயே இருப்பதைப் பழமைப் பற்று என்று ஒதுக்குவது சரியாகாது. அதன் பொத்தான்கள் இடம் மாறுவதில்லை. எந்தப் புதுப்பிப்பும் அதன் விழுக்காட்டின் பொருளை ஒரே இரவில் மாற்றுவதில்லை. திரையில் இருக்கும் பட்டியலை மறைத்துக்கொண்டு அது மேலெழுவதும் இல்லை. விண்டோஸ் கணிப்பானை எப்போதும் மேலே நிற்கவைக்கும் வசதி பின்னாளில் சேர்க்கப்பட்டபோதும் அது இயல்பான முறைக்கு மட்டுமே உரியதாயிற்று. மென்பொருள் வடிவமைப்போர் செய்ய வேண்டியவை, உள்ளிட்ட கோவையை முழுமையாகக் காட்டுதல், முறைகேடான உள்ளீட்டை நிறுத்திக் கேட்டல், படிகளைத் திருத்த விடுதல் ஆகியவையே. இவற்றுள் எதுவும் போமின் கணிதத்தைப் போலக் கடினமானதன்று.

அதுவரை, புதிய கணினியோ புதிய பதிப்போ கைக்கு வந்ததும் பணக் கணக்கைத் தொடங்குவதற்கு முன் வாசகர் மூன்று கோவைகளைத் தட்டிப் பார்த்துக்கொள்வது நன்று: 2 + 3 × 4, 4 × −5, 500 + 9% + 9%. முதலாவதற்கு 20 வந்தால் அது உடனடிக் கணிப்பு. 14 வந்தால் செயல்வரிசை. இரண்டாவதற்கு −1 வந்தால் எதிர்ம எண்களுக்குக் குறிமாற்றுப் பொத்தானையே பயன்படுத்த வேண்டும். மூன்றாவதற்கு 590 தவிர வேறெது வந்தாலும், அந்தக் கணிப்பானின் விழுக்காட்டுப் பொத்தானை ஒரு பட்டியலில் இரண்டு முறை அழுத்தாமல், 1.18ஆல் பெருக்கியும் வகுத்தும் கணக்கை முடித்துக்கொள்ள வேண்டும்.